குதிரைக்கும் கழுதைக்கும் கருப்பைத் தொற்று: மருந்து விட்டும் திரும்பத் திரும்ப வருவது ஏன்?

உங்களிடம் பதினாறு வயதுப் பெட்டைக் குதிரை ஒன்றும், இதுவரை குட்டி போடாத இளம் பெட்டைக் கழுதை ஒன்றும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே ஆண் கழுதையோடு சேர்க்கிறீர்கள். குதிரை ஏற்கெனவே பல ஈத்து கண்டது. போன ஈத்தில் நஞ்சுக்கொடி விழத் தாமதமானது. அதன் பிறகு மூன்று பருவம் சேர்த்தும் சினை நிற்கவில்லை, வாலில் சீழ் ஒட்டுகிறது. கருப்பையிலிருந்து பஞ்சுக் குச்சியில் மாதிரி (ஸ்வாப்) எடுத்ததில் ஈ.கோலை என்ற கிருமி வந்தது. ஜென்டாமைசின் மூன்று நாள் கருப்பைக்குள் விட்டார்கள். கசிவு நின்றது, அடுத்த பருவத்தில் மறுபடி வந்துவிட்டது. கழுதையும் சினை பிடிக்காததால் அதற்கும் அதே மருந்தைச் சோதனை எதுவும் இல்லாமலே விட்டிருக்கிறார்கள். இதைவிட வலுவான ஆண்டிபயாடிக் எது, கழுதைக்கு எவ்வளவு அளவு என்று கேட்டிருக்கிறீர்கள். இவற்றுக்கு அடியில் வேறு இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. குதிரையின் கருப்பை தன்னைத் தானே ஏன் சுத்தம் செய்துகொள்ளவில்லை? கழுதைக்கு உண்மையிலேயே தொற்று இருக்கிறதா? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால் மருந்துத் தேர்வு பெரும்பாலும் சுலபமாகிவிடும்.

நான் கால்நடை இனப்பெருக்க மருத்துவம் படித்தவன். பல ஆண்டுகளாகச் சினை பிடிக்காத குதிரைகளைத்தான் அதிகம் பார்க்கிறேன். கழுதைகளையும் பார்த்திருக்கிறேன், ஆனால் குதிரை அளவுக்கு இல்லை. உலகம் முழுக்கவே இந்தத் துறையின் ஆராய்ச்சி குதிரையை வைத்துத்தான் நடந்திருக்கிறது. கழுதைக்குச் சொல்லப்படுவதில் பாதி குதிரையிடமிருந்து கடன் வாங்கியது. விலங்கைத் தொட்டுப் பார்க்காமல், ஸ்கேன் பார்க்காமல் நான் எழுதுவது உங்கள் மருத்துவரோடு உட்கார்ந்து பேச உதவும். கீழே வரும் அளவுகளும் அதற்காகத்தான், நீங்களே கையில் எடுத்து விடுவதற்காக இல்லை.

குதிரை இனத்தில் விந்து யோனியில் தங்குவதில்லை. பருவத்தில் தளர்ந்து திறந்திருக்கும் கருப்பை வாய் வழியாக நேராகக் கருப்பைக்குள்ளேயே போகிறது. கூடவே ஆணுறுப்பின் மேலிருக்கும் கிருமி, அழுக்கு, செத்த விந்தணு எல்லாம் உள்ளே போகின்றன. அதனால் ஒவ்வொரு சேர்க்கைக்குப் பிறகும் எந்தப் பெட்டையின் கருப்பையும் கொஞ்ச நேரம் அழற்சியோடுதான் இருக்கும். இது நோய் இல்லை. ஒரு கிருமிகூட இல்லாத விந்தைச் செலுத்தினாலும் இது நடக்கும், ஏனென்றால் விந்தணுவே அழற்சியைத் தூண்டுகிறது. வெள்ளை அணுக்கள் வந்து குவிந்து கிருமிகளையும் மிச்ச விந்தணுக்களையும் விழுங்குகின்றன. கருப்பைத் தசை விட்டுவிட்டுச் சுருங்கி அந்தக் கழிவு நீரை வெளியே தள்ளுகிறது. ஆரோக்கியமான குதிரையில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். கரு கருக்குழாயிலிருந்து கருப்பைக்குள் இறங்குவது சினைமுட்டை வெளிவந்து 6ஆம் நாள் வாக்கில்தான் என்பதால் அவகாசம் தாராளமாக இருக்கிறது. ஆனால் சில குதிரைகளில், பொதுவாக நூற்றுக்குப் பத்து பதினைந்தில், இந்தத் துப்புரவு நடப்பதில்லை. நீர் தேங்குகிறது, அழற்சி நீடிக்கிறது, தேங்கிய நீரில் கிருமி பெருகுகிறது. நீங்கள் சொல்கிற வரலாற்றைப் பார்த்தால் உங்கள் குதிரை இந்தக் கூட்டத்தில் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

வயதான, பல ஈத்து கண்ட குதிரையில் துப்புரவு தவறுவதற்குப் பெரும்பாலும் உடலமைப்பே காரணம். கருப்பை இடுப்பெலும்பின் விளிம்பைத் தாண்டி வயிற்றுக்குள் தாழ்ந்து தொங்கும்; வாய் மேட்டிலும் நீர் பள்ளத்திலும் இருக்கும். தசையின் சுருக்கமும் பழைய வேகத்தில் இருக்காது. இன்னொரு பக்கம் நுழைவாயிலைக் கவனிக்க வேண்டும். குதிரையின் கருப்பைக்கு வெளியிலிருந்து மூன்று காவல்கள்: பிறப்புறுப்பின் உதடுகள், யோனிக்கும் அதன் முன்னறைக்கும் நடுவில் இருக்கும் மடிப்பு, அப்புறம் கருப்பை வாய். உதடுகள் ஏறக்குறைய செங்குத்தாக இருந்து, அவற்றின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்காவது இடுப்பெலும்பின் மட்டத்துக்குக் கீழே இருந்தால் நல்லது. வயதாகி உடல் மெலிந்தால் மலத்துவாரம் உள்ளே இழுபட்டு, உதடுகளின் மேல்பகுதி படுத்த நிலைக்கு வந்துவிடும். சாணம் நேராக அதன் மேலேயே விழும். நடக்கும்போது காற்றும் உள்ளே போகும். குதிரை ஓடும்போது பின்புறத்தில் உறிஞ்சுவது போல ஒரு சத்தம் கேட்டால் இதுதான் விஷயம். ஈ.கோலை சாணத்தில் வாழ்கிற கிருமி என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

அப்படி இருந்தால் எந்த ஆண்டிபயாடிக்கும் நிலைத்த பலன் தராது. உதடுகளின் மேல்பகுதியை மரத்துப்போகும் ஊசி போட்டுத் தைத்து மூடும் சின்ன அறுவை சிகிச்சை ஒன்று உண்டு. 1937இல் காஸ்லிக் என்ற மருத்துவர் விவரித்தது, இன்றைக்கும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. நின்ற நிலையிலேயே சில நிமிடங்களில் முடியும். குட்டி போடுவதற்கு முன்னால் தையலைத் திறந்துவிட வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது, மறந்தால் கிழிந்துவிடும். இந்த மாதிரி குதிரைகளில் அடிக்கடி கண்ணில் படாமல் போவது இன்னொன்று: சிறுநீர் பின்னோக்கி ஓடி யோனியின் முன்பகுதியில் தேங்குவது. தேங்கிய சிறுநீர் கருப்பை வாய் வழியாக உள்ளே கசிந்து உட்படலத்தை எரிக்கும். யோனியை விரித்துக் காட்டும் ஸ்பெகுலம் கருவியை வைத்துப் பருவ நாளில் உள்ளே பார்த்தாலே தெரியும். சந்தேகமாக இருந்தால் சிறுநீரில் இருக்கும் கிரியாட்டினின் என்ற பொருள் அந்த நீரில் உண்டா என்று பார்க்கலாம். இதற்கு வேறு வகை அறுவை சிகிச்சை வேண்டியிருக்கும்.

கருப்பை வாயையும் விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நஞ்சுக்கொடி தாமதமான ஈத்து என்றால் வாயில் கிழிசலோ ஒட்டுத்தழும்போ இருக்கலாம். கிழிந்த வாய் சினைக் காலத்தில் மூடாது; ஒட்டிக்கொண்ட வாய் பருவத்தில் திறக்காது. திறக்காவிட்டால் கருப்பை எவ்வளவு சுருங்கினாலும் நீர் வெளியே வர வழியில்லை. இதைக் கண்டுபிடிக்காமல் மருந்து மட்டும் விட்டுக்கொண்டே போன குதிரைகள் எனக்கு நிறைய வந்திருக்கின்றன.

நஞ்சுக்கொடி பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில் மாட்டுக்கும் குதிரைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மாட்டில் ஒரு நாள் இரண்டு நாள் தங்கினாலும் பலர் பொறுத்திருப்பார்கள். குதிரையில் குட்டி விழுந்து 3 மணி நேரத்துக்குள் நஞ்சுக்கொடி விழாவிட்டால் அவசர நிலை. ஈன்ற சில நாளில் காய்ச்சல், சோர்வு, துர்நாற்றத்தோடு சிவந்த பழுப்புக் கசிவு, குளம்பில் சூடு என்று எது தெரிந்தாலும் அது கருப்பைச் சுவர் முழுவதும் பாதிக்கப்பட்ட கடுமையான தொற்று. கிருமியின் நச்சு ரத்தத்தில் கலந்து, குளம்புக்குள் இருக்கும் திசு வீங்கி, சில நாளில் குதிரை நிற்க முடியாமல் போகும், உயிரும் போகலாம். அதற்கு ஏராளமான திரவம் கொண்டு கருப்பையைக் கழுவுவது, ஊசி வழி ஆண்டிபயாடிக், அழற்சியைத் தணிக்கும் ஃப்ளூனிக்ஸின், குளம்புக்கு ஐஸ் என்று எல்லாம் ஒரே நேரத்தில் வேண்டும். உங்கள் குதிரைக்கு இப்போது இருப்பது அது இல்லை. காய்ச்சல் இல்லாமல், நன்றாகத் தின்றுகொண்டு, சினை மட்டும் நிற்காத நிலை உட்படலத்தோடு நிற்கிற அழற்சி. இதில் அவசரம் கிடையாது. நிதானமாகச் சோதித்துவிட்டு மருந்துக்குப் போகலாம்.

ஸ்வாப் விஷயத்துக்கு வருகிறேன். ஈ.கோலை வந்தது என்ற ஒற்றை வரியை வைத்து நான் முடிவு செய்ய மாட்டேன். ஸ்வாப் குச்சியை உறைக்குள் வைத்துக் கருப்பைக்குள் போன பிறகே வெளியே நீட்டும் வகையில் எடுத்தார்களா? பருவத்தின் முதல் இரண்டு மூன்று நாளில், சேர்ப்பதற்கு முன்னால் எடுத்தார்களா? தட்டில் ஒரே கிருமி அடர்த்தியாக வளர்ந்ததா, அல்லது நாலைந்து வகை கொஞ்சம் கொஞ்சமாகவா? ஒரே கிருமி, அடர்த்தியான வளர்ச்சி என்றால் நம்பலாம். கலவையாக லேசாக வளர்ந்தால் அது பெரும்பாலும் வால், உதடு, கை ஆகியவற்றிலிருந்து ஒட்டிக்கொண்டது. இப்படித் தட்டில் கிருமியை வளர்த்துப் பார்ப்பதுதான் கல்ச்சர். அதோடு கட்டாயம் செல் பரிசோதனையும் வேண்டும். அதே நேரத்தில் சிறு பிரஷ்ஷால் உட்படலத்தை உருட்டி எடுத்து, கண்ணாடிச் சில்லில் தடவிச் சாயமிட்டு வெள்ளை அணுக்கள் உண்டா என்று பார்ப்பது. சங்கிலிக் கிருமியான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூஎபிடெமிகஸ் இருந்தால் வெள்ளை அணுக்கள் கொட்டிக் கிடக்கும். ஈ.கோலையில் கிருமி இருந்தும் வெள்ளை அணு குறைவாகவே தெரிவது சகஜம், அதனால் செல் பரிசோதனை சுத்தமாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஈ.கோலையை ஒதுக்கிவிட முடியாது. ஸ்வாப் தொடுவது கருப்பையின் ஒரு சின்ன இடத்தை மட்டும்தான். சந்தேகம் தீராத குதிரைகளில் 60 முதல் 150 மில்லி வரை சுத்தமான சலைனை உள்ளே விட்டு, அலசித் திரும்ப எடுத்து, அடியில் படிவதைக் கல்ச்சருக்கு அனுப்பினால் அதிகம் பிடிபடும். எனக்கு இந்த முறைதான் பிடிக்கும்.

ஸ்கேனில் பருவ நாளில் எவ்வளவு நீர் தெரிகிறது, அது கருப்பாகத் தெளிவாகத் தெரிகிறதா, வெள்ளைத் துகள்களோடு கலங்கித் தெரிகிறதா என்பது முக்கியம். 2 சென்டிமீட்டருக்கு மேல் ஆழமாக நீர் நின்றால் துப்புரவு நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்வேன். இன்னொரு துப்பு உங்கள் குறிப்பேட்டிலேயே இருக்கலாம். குதிரைக்குச் சுழற்சி சுமார் 21 நாள். அதற்கு முன்பாகவே, இரண்டு வாரத்திலேயே திரும்பப் பருவத்துக்கு வருகிறதென்றால், அழற்சியில் உண்டாகும் ப்ரோஸ்டாகிளாண்டின் என்ற சுரப்பு, சினைமுட்டை வெளிவந்த இடத்தில் உருவாகிப் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைச் சுரக்கும் மஞ்சள் திரளைச் சீக்கிரமே கரைத்துவிடுகிறது என்று பொருள். தேதிகளை எடுத்துப் பாருங்கள்.

இந்தக் குதிரைக்கு நான் பயாப்சியும் கேட்பேன். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். உட்படலத்தில் ஒரு சிட்டிகை அளவுதான் எடுப்பார்கள், குதிரைகள் பெரும்பாலும் அதைக் கண்டுகொள்வதே இல்லை. கென்னி, டாய்க் இருவரும் 1986இல் வகுத்த முறைப்படி அதை நான்கு தரமாகப் பிரிப்பார்கள். முதல் தரத்தில் நல்ல பராமரிப்போடு நூற்றுக்கு 80 முதல் 90 வரை குட்டி போட வாய்ப்பு. இரண்டு-ஏ தரத்தில் 50 முதல் 80. இரண்டு-பி தரத்தில் 10 முதல் 50. மூன்றாம் தரத்தில் 10 மட்டும்தான். அந்த மூன்றாம் தரத்தில் சுரப்பிகளைச் சுற்றித் தழும்புத் திசு கட்டியிருக்கும். தொற்றை ஒழித்தாலும் தழும்பு போகாது. பதினாறு வயதில் மாதக்கணக்கில் செலவு செய்வதற்கு முன்னால் இந்த ஒரு தகவலைத் தெரிந்துகொள்வது நியாயம் என்பது என் கருத்து.

சரி, சிகிச்சை. முதலில் காலி செய்ய வேண்டும், பிறகு கழுவ வேண்டும், அதற்குப் பிறகுதான் மருந்து. சீழ் தேங்கிய கருப்பைக்குள் ஜென்டாமைசினை விட்டால் அது சீழோடு கலந்து நீர்த்துப்போகும். அந்த வகை மருந்துகளின் வீரியத்தைச் சீழே பெருமளவு குறைத்துவிடும். பருவத்தில்தான் தொடங்க வேண்டும், ஏனென்றால் அப்போதுதான் வாய் திறந்திருக்கும், எதிர்ப்புச் சக்தியும் நன்றாக வேலை செய்யும். புரோஜெஸ்டிரோன் ஓங்கியிருக்கும் நாட்களில் வாய் இறுக மூடியிருக்கும், கருப்பையின் தற்காப்பும் மந்தமாக இருக்கும். அடுத்த பருவத்துக்குக் காத்திருக்க முடியாதென்றால், சினைமுட்டை வெளிவந்து 5 நாள் கழிந்த பிறகு ப்ரோஸ்டாகிளாண்டின் ஊசி போட்டுப் பருவத்தை முன்கூட்டியே வரவழைக்கலாம். கழுவுவதற்கு வெதுவெதுப்பான ரிங்கர் லாக்டேட் அல்லது சலைனை ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு லிட்டர் விட்டு, குழாய் வழியாகவே திரும்ப எடுக்க வேண்டும். வெளியே வருவது தெளிவாகும்வரை திரும்பத் திரும்ப. உள்ளே விட்டது எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவு என்று அளப்பது அவசியம். உள்ளேயே தங்கிப்போன திரவமும் தேங்கிய நீர்தான்.

இதோடு ஆக்ஸிடோசின். சாதாரண அளவுள்ள குதிரைக்கு 10 முதல் 20 யூனிட், ஆறிலிருந்து எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. அது ரத்தத்தில் சில நிமிடங்களே நிற்கும். ஒரு ஊசியில் கருப்பை சுமார் அரை மணி நேரம் சுருங்கும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு ஊசி என்பது பெயருக்குத்தான். அளவை இரண்டு மூன்று மடங்காக உயர்த்தினால் பலன் கூடும் என்று நினைப்பதும் தவறு. கருப்பை இறுகி நின்றுவிடும், தள்ளாது. ப்ரோஸ்டாகிளாண்டின் வகை மருந்தான க்ளோப்ரோஸ்டினால் 250 மைக்ரோகிராம் கொடுத்தால் சுருக்கம் மெதுவாக, ஆனால் நான்கைந்து மணி நேரம் நீடிக்கும். தாழ்ந்து தொங்கும் கருப்பைக்கு அது நல்ல துணை. ஆனால் சேர்க்கிற பருவத்தில் சினைமுட்டை வெளிவந்த பிறகு கொடுக்கக் கூடாது, புதிதாக உருவாகும் மஞ்சள் திரளைப் பாதிக்கும். மருந்து இல்லாத வைத்தியம் ஒன்றும் இருக்கிறது: நடை. லாயத்திலேயே கட்டிப்போட்ட குதிரைக்கு நீர் அதிகம் தேங்கும். சேர்த்த நாளிலும் மறுநாளும் நடக்க விடுங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட ஆண்டிபயாடிக். வலுவானது, வலுவற்றது என்று ஒரு வரிசை கிடையாது. அந்தக் கிருமி எதற்குச் சாகும் என்று சென்சிட்டிவிட்டி சோதனை சொல்கிறதோ அதுதான் வலுவானது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூஎபிடெமிகஸுக்கு இன்றும் பெனிசிலின் போதும், கருப்பைக்குள் 50 லட்சம் யூனிட். ஈ.கோலை, க்ளெப்சியெல்லா, சூடோமோனாஸ் போன்றவற்றுக்கு ஜென்டாமைசின் 1 முதல் 2 கிராம், அமிகாசின் 2 கிராம். இரண்டு பக்கத்தையும் ஓரளவு பார்க்கக்கூடியது செஃப்டியோஃபர் 1 கிராம். சூடோமோனாஸுக்கு அது உதவாது. மொத்தக் கொள்ளளவு 60 முதல் 120 மில்லி, பெரிய கருப்பையென்றால் கொஞ்சம் கூட, பருவத்தில் தினமும் ஒரு முறையாக மூன்றிலிருந்து ஐந்து நாள். ஜென்டாமைசினும் அமிகாசினும் அமிலத்தன்மை கொண்டவை. சம அளவு சோடியம் பைகார்பனேட் கலந்து சமன்படுத்தாமல் விட்டால் உட்படலத்தை எரிச்சல்படுத்தும். உங்கள் குதிரைக்கு அப்படிக் கலந்தார்களா என்று கேளுங்கள். பெனிசிலினையும் ஜென்டாமைசினையும் ஒரே சிரிஞ்சில் கலக்கக் கூடாது, ஒன்றையொன்று செயலிழக்கச் செய்யும். ஊசிக்கான என்ரோஃப்ளாக்ஸாசின் திரவத்தைக் கருப்பைக்குள் விடவே கூடாது. உட்படலம் வெந்து, ரத்தம் கசிந்து, தழும்பில் முடியும். மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கார்பாபெனெம் மருந்துகளைக் குதிரையின் கருப்பைக்குள் ஊற்றுவதையும் நான் ஏற்க மாட்டேன்.

ஆண்டிசெப்டிக் விஷயத்திலும் இதே எச்சரிக்கை. குளோர்ஹெக்ஸிடின் குதிரையின் கருப்பைக்கு ஆகவே ஆகாது. போவிடோன் அயோடினை விடுவதானால் 0.05 முதல் 0.1 சதவீதம்வரை நீர்க்க வேண்டும், வெளிறிய தேநீர் நிறத்தில் இருக்கும். பாட்டிலில் இருப்பதை அப்படியே விட்டவர்களால் கருப்பை வாய் ஒட்டிப்போன குதிரைகள் உண்டு. இன்னொன்று, ஆண்டிபயாடிக்கை மாற்றி மாற்றி விட்டுக்கொண்டே போனால் பாக்டீரியா போய் அந்த இடத்தில் பூஞ்சை வந்து உட்காரும், பெரும்பாலும் கேண்டிடா அல்லது ஆஸ்பெர்ஜில்லஸ். அதை விரட்டுவது பாக்டீரியாவைவிடப் பல மடங்கு கடினம். அடுத்த கல்ச்சரில் பூஞ்சைக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரியான மருந்து, சரியான முறை, ஆனாலும் திரும்ப வருகிறதென்றால் இரண்டு காரணங்கள் மிச்சம். ஈ.கோலை, க்ளெப்சியெல்லா, சூடோமோனாஸ் ஆகியவை பிசுபிசுப்பான உறை ஒன்றை உருவாக்கி அதற்குள் பதுங்கும். சோதனைக்கூடத் தட்டில் செத்த கிருமி கருப்பைக்குள் சாகாமல் இருப்பது இதனால்தான். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வேறு வழியில் தப்பிக்கிறது, உட்படலத்தின் ஆழத்தில் வளராமல் உறங்கிக் கிடக்கிறது. பிசுபிசுப்பு உறையைக் கரைக்க அசிட்டைல் சிஸ்டீன், டிரிஸ்-ஈடிடிஏ, நீர்த்த ஹைட்ரஜன் பெராக்ஸைடு, டிஎம்எஸ்ஓ எல்லாம் பயன்படுத்துகிறார்கள். சோதனைக்கூடத்தில் இவற்றுக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. உயிருள்ள குதிரையில் எத்தனை குட்டி கூடுதலாகப் பிறந்தது என்று கேட்டால் ஆதாரம் மெல்லியதுதான். சளி அதிகம் தெரியும் குதிரைக்கு அசிட்டைல் சிஸ்டீனை மருந்துக்கு முந்தைய நாள் விடுவது எனக்கு நியாயமாகப் படுகிறது, உட்படலத்துக்குக் கெடுதலும் தெரியவில்லை. ரத்தப் பிளாஸ்மா விடுவது, நோயெதிர்ப்பைத் தூண்டும் ஊசிகள் ஆகியவற்றில் ஆய்வு முடிவுகள் முன்னுக்குப்பின் முரணாக இருக்கின்றன; அவற்றை முதல் வரிசையில் வைக்க மாட்டேன். சேர்க்கும்போது அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோனை ஒரே ஒரு முறை கொடுப்பது, நீர் தேங்கும் தன்மை உறுதியான குதிரைகளில் உதவுவதாகத் தெரிகிறது. ஆனால் கல்ச்சரில் கிருமி இருக்கும்போது அதைத் தொடக் கூடாது. குளம்பு நோய் வந்த குதிரைக்கும் வேண்டாம்.

சிகிச்சை முடிந்த உடனே சேர்க்காதீர்கள். அடுத்த பருவத்தின் தொடக்கத்தில் மறுபடி கல்ச்சரும் செல் பரிசோதனையும் எடுத்து, சுத்தம் என்று வந்த பிறகு ஒரே ஒரு முறை, சினைமுட்டை வெளிவரும் நேரத்துக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அப்போது சேருங்கள். நாள் தவறாமல் சேர்த்தால் வாய்ப்பு கூடும் என்று நினைப்பவர்கள் உண்டு. இந்த மாதிரி குதிரையில் ஒவ்வொரு சேர்க்கையும் புதிதாக ஒரு சுமை. சேர்த்து நான்கிலிருந்து ஆறு மணி நேரம் கழித்துக் கருப்பையைக் கழுவி ஆக்ஸிடோசின் போடலாம். வேண்டிய விந்தணுக்கள் அதற்குள் கருக்குழாய்க்குப் போய்ச் சேர்ந்திருக்கும், சினைக்குப் பாதகமில்லை. மறுநாள் ஸ்கேனில் நீர் இருந்தால் திரும்பவும் கழுவலாம். சினைமுட்டை வெளிவந்து மூன்று நாளுக்கு மேல் கருப்பைக்குள் எதையும் விட நான் விரும்புவதில்லை.

கழுதைக்கு வருகிறேன். குட்டியே போடாத இளம் கழுதைக்கு, கசிவும் இல்லாமல், ஸ்கேனில் நீர் தெரிகிறதா என்றும் பார்க்காமல், சினை பிடிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஆண்டிபயாடிக் விட்டிருக்கக் கூடாது. கழுதைகளின் பின்புற அமைப்பு பெரும்பாலும் நன்றாக இருக்கும், காற்று உறிஞ்சும் தொல்லை குதிரையைவிடக் குறைவு. இளம் பெட்டையில் தொற்றைவிடச் சேர்த்த நேரத்தைத்தான் முதலில் சந்தேகிப்பேன். கழுதைக்குச் சுழற்சி 23, 24 நாள். பருவம் ஒரு வாரம்வரை, சில சமயம் அதற்கு மேலும் நீடிக்கும். சினைமுட்டை வெளிவருவது அதன் கடைசிப் பகுதியில். வாயைத் திறந்து திறந்து மூடிச் சப்புக்கொட்டுவதைப் பார்த்த முதல் நாளே சேர்த்துவிட்டு நிறுத்தினால் தவறிப்போக எல்லா வாய்ப்பும் உண்டு. ஸ்கேனில் முட்டைப் பையைத் தொடர்ந்து பார்த்து நாள் குறிப்பது நல்லது.

தொற்று உறுதியானால் சிகிச்சைக் கொள்கை குதிரைக்கானதுதான். நடைமுறையில் சில வித்தியாசங்கள். கழுதையின் கருப்பை வாய் நீளமாக, ஒடுக்கமாக, வளைந்து யோனிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். குதிரைக்குப் பழகிய கை குழாயை அவசரமாகத் தள்ளினால் கீறிவிடும், கீறல் தழும்பாகி ஒட்டிக்கொள்ளும். மலக்குடலும் சின்னது, கை விட்டுப் பார்க்கும்போதும் ஸ்கேன் கருவியை வைக்கும்போதும் கிழியாமல் பார்க்க வேண்டும். கருப்பைக்குள் விடும் மருந்துக்குத் தனியாக ஆய்வு செய்து நிறுவப்பட்ட கழுதை அளவு என்று ஒன்று இல்லை. குதிரைக்கான மருந்தையே, கருப்பையின் அளவுக்கு ஏற்பக் கொள்ளளவைக் குறைத்து விடுகிறோம். ஊசி மருந்துகளில் கவனம் வேண்டும். ஃப்ளூனிக்ஸின், ஃபீனைல்பியூட்டசோன் ஆகிய வலி மருந்துகளைக் கழுதையின் உடல் குதிரையைவிட வேகமாக வெளியேற்றும், அதனால் இடைவெளியைக் குறைக்க வேண்டிவரும். இவை எல்லாவற்றையும்விட முக்கியம் தீனி. கழுதை வலியை வெளியே காட்டாது. இரண்டு நாள் சரியாகத் தின்னாமல் இருந்தாலே உடல் கொழுப்பு ரத்தத்தில் கொட்டி, கல்லீரல் கெட்டுச் சாகும் அளவுக்குப் போகலாம். சிகிச்சைக்குக் கூட்டிப் போகும்போது அதன் தோழனையும் கூடவே கொண்டு போங்கள். பிரித்தால் தீனியை விட்டுவிடும் கழுதைகள் நிறைய.

உங்கள் கேள்வியில் ஆண் கழுதையை யாரும் சோதித்ததாகத் தெரியவில்லை. இரண்டு பெட்டைகள், இரண்டு வேறு இனம், இரண்டு வேறு வயது, பொதுவாக இருப்பது அது ஒன்றுதான். விந்தின் எண்ணிக்கையும் அசைவும் பார்க்க வேண்டும். ஆணுறுப்பின் உறை, சிறுநீர்த் துளையைச் சுற்றியுள்ள குழி, சிறுநீர்க் குழாய் ஆகிய இடங்களிலிருந்து ஸ்வாப் எடுக்க வேண்டும். சூடோமோனாஸும், க்ளெப்சியெல்லாவின் சில வகைகளும் ஆணுக்கு எந்தத் தொல்லையும் தராமல் அதன் மேல் தங்கி, சேர்க்கை வழியாகப் பரவும். இவற்றோடு, சேர்க்கை வழியாகப் பரவும் டெய்லோரெல்லா என்ற கிருமியும் உண்டு. டெய்லோரெல்லா ஈக்விஜெனிடாலிஸ் 1977இல் இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் குதிரைகளிடம் முதன்முதலில் இனங்காணப்பட்டது. பல நாடுகளில் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய் அது. அதன் நெருங்கிய உறவான டெய்லோரெல்லா அசினிஜெனிடாலிஸ் ஆண் கழுதைகளிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டு 2001இல் தனி இனமாக விவரிக்கப்பட்டது. பின்னது பெரும்பாலும் சத்தமில்லாமல் இருக்கும், ஆனால் சோதனைக்காகச் செலுத்தியபோது பெட்டைக் குதிரைகளில் கருப்பை அழற்சியை உண்டாக்கியிருக்கிறது. சாதாரண ஸ்வாப்பில் இவை வளராது. கரி கலந்த ஊடகத்தில் குளிராக அனுப்பி, ஆய்வகத்திடம் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் முறையில் சீக்கிரம் தெரியும். பெட்டைகளில் பெண்குறிக் காம்பைச் சுற்றியுள்ள குழியிலிருந்தும் ஸ்வாப் எடுக்க வேண்டும், அங்கேதான் டெய்லோரெல்லா நீண்ட நாள் ஒளிந்திருக்கும்.

முடிவு வரும்வரை அந்த ஆண் கழுதையை எந்தப் பெட்டையோடும் சேர்க்க வேண்டாம். அதைச் சுத்தப்படுத்துகிறேன் என்று ஆண்டிசெப்டிக் சோப்பு போட்டுத் தினமும் கழுவவும் வேண்டாம். தோலில் இயல்பாக வாழும் தீங்கற்ற கிருமிகள் போய், காலியான இடத்தில் சூடோமோனாஸும் க்ளெப்சியெல்லாவும் குடியேறுவது அப்படித்தான். அழுக்கு இருந்தால் வெதுவெதுப்பான வெறும் தண்ணீரும் பஞ்சும் போதும், கழுவிய பின் துடைத்து உலரவிடுங்கள்.